ஊறல்

கருங்காட்டு அணையின் அடியில் தண்ணீர் கசிந்தது. இன்ஜினீயர் கசிவு என்று எழுதினார். மேலே இருந்தவர்கள் அதை ஊறல் என்று மாற்றினார்கள். நகல் கிடைத்த போலீஸ் அதிகாரி, ஊறல் என்றால் சாராய ஊறல் என்று எடுத்துக்கொண்டு, ஆட்களைக் கூட்டிப்போய் அணைக்கடியில் பானை தேடினார். பானை இல்லை. ‘ஊறல் ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டார். போலீசே இல்லை என்று சொன்ன பிறகு கோப்புக்கு அங்கே என்ன வேலை? மூடிவிட்டார்கள். தண்ணீர் அதுபாட்டுக்குக் கசிந்துகொண்டிருந்தது.

நடந்த தப்பு இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கோர்ட்டில்தான் இரண்டு வருஷமாகச் சொல்லி முடியவில்லை. தெய்வசிகாமணி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் துறையின் மொழிபெயர்ப்புப் பிரிவுக்குத் தலைவர். இன்றைக்கு அரசுத் தரப்புச் சாட்சி. கூப்பிடுகிறவரை உட்கார வேண்டியது. தலைக்கு மேல் மின்விசிறி சத்தம் மட்டும் போட்டது. மூத்திரம் முட்டியது. வந்ததும் போய்ப் பார்த்தார். கக்கூஸ் பூட்டியிருந்தது. சாவி டவாலியிடம். டவாலி உள்ளே, நீதிபதியம்மாவுக்கு முன்னால், ஆள் பெயரை இழுத்து இழுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். வெளியே தலை நீட்டும்போது கேட்டால், ‘இருங்க சார், இந்தக் கேஸ் முடியட்டும்’ என்கிறான். எந்தக் கேஸ் முடிந்திருக்கிறது இந்த ஊரில்? காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். இடது காலைத் தூக்கி வலது கால்மேல் போட்டால் கொஞ்சம் அடங்குகிறது. போன மாசம் டாக்டர் கேட்டான். ‘கசிவு இருக்கா ஐயா?’ கேட்டதும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ‘கசிவெல்லாம் கிடையாது. எப்பவாவது லேசா ஊறும், அவ்வளவுதான்.’ டாக்டர் எழுதிக்கொண்டான். ஆட்டோவில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. ஊறும். எந்த வார்த்தையைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருமோ, அதே வார்த்தை. வேட்டி நனைகிறது, வாய் ஊறல் என்கிறது. அப்புறம் கசிவை ஊறலாக்கின அந்தச் செயலாளரைத் திட்ட என்ன யோக்கியதை? இருக்கிறது. திட்டத்தான் வேண்டும். இவர் வேட்டி நனைந்தால் இவரோடு போச்சு. அணைக்குக் கீழே நாலு ஊர் படுத்துத் தூங்கியது.

செயலாளர் அறையில் குளிர் அதிகம். அன்றைக்கும் முட்டிக்கொண்டுதான் நின்றார். இன்ஜினீயர் அறிக்கையின் தமிழ் இவர் பிரிவு வழியாகத்தான் போயிருந்தது. ‘என்ன சிகாமணி, கசிவுன்னு போட்டிருக்கீங்க?’ ‘தண்ணி கசியுது சார்.’ ‘அது தெரியுது. கசிவுன்னு ஒரு தடவை எழுதிட்டா அப்புறம் ஆளாளுக்குக் கேள்வி கேப்பான். கொஞ்சம் மெதுவான வார்த்தையாக் கொடுங்களேன்.’ ‘மெதுவாகக் கசியுதுன்னு போடட்டுமா?’ செயலாளர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அந்த மனுஷன்மேல் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். பக்கத்தில் பேனாவும் கையுமாக நின்ற ஒருத்தன்தான் எடுத்துக்கொடுத்தான். ‘கேணியிலே ஊறுமே சார், அந்த மாதிரி ஊறல்னு போட்டா? நல்ல தமிழ்ச் சொல்லாவும் இருக்கு.’ நல்ல தமிழ்ச் சொல். தமிழில் கெட்ட சொல் எது? இடம் மாறினால் எல்லாம் கெட்ட சொல்தான். கேணியில் ஊறினால் குடிக்கலாம். அணையில் ஊறினால்? சொன்னார். இரண்டு தடவை சொன்னார். செயலாளர் மூன்றாவது தடவைக்கு இடம் வைக்காமல் அடுத்த கோப்பை இழுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் கூட வந்த உதவியாளர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள், ‘சார், எங்க ஊர்ப் பக்கம் ஊறல்னா சாராயம்லா.’ இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ‘எங்க பக்கம் சொறி. அரிச்சா ஊறல்னுதான் சொல்வோம். பேசாம வா.’ இரண்டு பேரும் நடைவழியில் சிரித்தார்கள். அதையும் நினைத்துப் பார்க்கிறார். சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, போலீஸ் பானை தேடப் போகிறவரை.

அந்தப் பெண்ணின் பெயர் பட்டிக்காட்டுப் பெயர். பிரிவில் யாருக்கும் முழுசாகச் சொல்ல வாய் வராது. இனிஷியலோடு சேர்த்து எம்.எம். என்று ஆக்கிவிட்டார்கள். எம்.எம். வந்தாச்சா, எம்.எம். லீவா. இவர் அதையும் சொன்னதில்லை. ‘இந்தாம்மா.’ வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இவர் ஓய்வு பெற்ற நாள்வரை அவள் இந்தாம்மாதான். அவளும் திரும்பிப் பார்ப்பாள். குற்றப்பத்திரிகையில் அதுவும் போய்விட்டது. எதிரி என்று போட்டிருக்கிறான். கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவர் எதிரி. ‘எதிரி மேற்படி கிராமத்தில் பேசியபோது’, ‘எதிரியின் வாக்குமூலம்’, ‘எதிரி அழுதுகொண்டிருக்கவில்லை’. எவன் கண்டுபிடித்தான் இந்தச் சொல்லை? யாருக்கு எதிரி? படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அடுத்த பக்கத்தில் இன்னொன்று. ‘அரசு இரகசியத்தைக் கசிய விட்ட குற்றம்.’ அங்கே சொல் தடங்கல் இல்லாமல் வருகிறது. அணை கசியக் கூடாது, அது ஊறல். அவள் வாயைத் திறந்தால் மட்டும் கசிவு. அன்றைக்குக் கிடைக்காத வார்த்தை இன்றைக்கு எந்த அலமாரியிலிருந்து வந்தது?

ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் ரகசியத்துக்கு விரோதி இல்லை. ரகசியம் இல்லாமல் சர்க்கார் நடக்காது. சண்டை நடந்த வருஷம், வேலைக்குச் சேர்ந்த புதுசு, கடலோர ஊர்களில் எப்போது விளக்கை அணைக்க வேண்டும் என்ற அறிவிப்பைத் தமிழில் எழுதினவர் அவர்தான். பெற்ற தாயிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு ‘வேலை’ என்றார். அவ்வளவுதான். அப்புறம் பிரிவிலேயே ஒருத்தன் இருந்தான், தன் மச்சானுக்குக் காரியம் ஆகவேண்டும் என்று உள்ளே நடந்ததை வெளியே ஓதினவன். அவன் வேலை போனபோது இவருக்கு ஒரு சொட்டு வருத்தம் இல்லை. கருங்காட்டு அணையிலிருந்து தண்ணீர் எடுக்கிற இடத்தில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை இருக்கிறது. அணை எங்கே பலவீனம் என்று எதிரிக்குத் தெரியக் கூடாது. நியாயம். இரகசியம் என்று முத்திரை குத்து, நியாயம். அந்த முத்திரையை இவரே குத்தியிருப்பார். ஆனால் எதிரி யார்? அங்கேதான் யோசனை ஒவ்வொரு தடவையும் போய் இடித்துக்கொண்டு நிற்கிறது. விமானத்தில் வருகிறவன் எதிரி. சரி. வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறவன்? அவனுக்கும் சொல்லக் கூடாது என்றால் அவனும் எதிரியா? எல்லாருக்கும் மறைத்தால்தான் எதிரிக்கு மறைக்க முடியும் என்பார் செயலாளர். அதுவும் சரிதான். அப்படியானால் அணையைச் சரி செய்துவிட்டு மறை. யார் வேண்டாம் என்றார்கள்? சரியும் செய்யமாட்டாய், சொல்லவும் மாட்டாய். முட்டியது. காலை மாற்றினார். அடக்கு. அடக்கிப் பழகினவர்தானே. எத்தனை கூட்டம், எத்தனை அறை. அடக்குவதுதான் உத்தியோகம் என்று நினைத்திருந்தார்.

அவளும் அடக்கித்தான் பார்த்தாள். இவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு போலீஸ் அறிக்கை பிரிவுக்கு வந்தது. இங்கிலீஷில் ஆக்கி மேலே அனுப்ப வேண்டும். அவள் மேஜைக்குத்தான் வந்தது. ‘ஊறல் ஏதும் காணப்படவில்லை.’ அது சாராயத்தைச் சொல்கிறது என்றாள். பெரியவர்கள் கேட்கவில்லை. நம் கோப்பில் ஊறல் என்றால் என்ன, அதையே போடு என்றார்கள். அணையில் கசிவு இல்லை என்று இங்கிலீஷில் மேலே போய்விட்டது. இதைவிடச் சுத்தமாக ஒரு பொய்யை யாராலும் செய்ய முடியாது. ஒருத்தனும் பொய் சொல்லவில்லை, பொய் மட்டும் உட்கார்ந்துவிட்டது. அவள் குறிப்பு எழுதி வைத்தாள். ‘பார்த்தேன்’ என்று கையெழுத்து. மறுபடி வைத்தாள். மறுபடி ‘பார்த்தேன்.’ நேரில் போய் நின்றாள். ‘உன் வேலையைப் பாரும்மா.’ அந்த வருஷ மழை தப்பியது. அடுத்த வருஷமும் தப்பியது. அவள் ஊர் ஆவுடையாள்பட்டி. அணைக்குக் கீழே முதல் ஊர். பட்டணத்துக்கு வந்து இத்தனை காலமாகியும் ஓட்டுரிமையை இங்கே மாற்றிக்கொள்ளவில்லை. அந்த ஓட்டைத்தான் பிடித்துக்கொண்டாள். அங்கேதான் இவருக்கு, இத்தனை வருஷம் கோப்போடு குப்பை கொட்டினவருக்கு, உடம்பு சிலிர்க்கிறது. பேப்பர்காரனிடம் போகவில்லை. மொட்டைக் கடிதம் போடவில்லை. ஒரு காகிதத்தையும் வெளியே எடுக்கவில்லை. காந்தி ஜெயந்திக்கு ஊர் ஊராகக் கிராமசபை கூடும். ஓட்டு உள்ளவர் யாரும் எழுந்து பேசலாம். லீவு கேட்டாள். காரணம்: கிராமசபையில் கலந்துகொள்ள. பிரிவில் எல்லாரும் சிரித்தார்களாம். எம்.எம். தலைவி ஆகப்போறா.

எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். சாட்சிகளின் வாக்குமூலத்தில் எல்லாம் இருக்கிறது, இவர் வரி வரியாகப் படித்தார். ‘நான் சொல்லப்போறது சொல்லக் கூடாத சங்கதி. சொன்னா என் வேலை போயிரும். ஜெயிலும் உண்டு. அது எம்பாடு. அணை கசியுது. சர்க்காருக்குத் தெரியும்.’ கூட்டத்தில் ஒரு பொம்பளை, ‘ஏ பிள்ள, இதைச் சொல்லவா ரயிலேறி வந்த? கசியுதது எங்களுக்குத் தெரியாதா? அது அம்மன் சுனைல்லா. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிப் பொங்கல் வைக்கோம்.’ ஆமாம். அந்த ஊர்க்காரர்கள் அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சுனை. இன்ஜினீயருக்குக் கசிவு, செயலாளருக்கு ஊறல், போலீசுக்குச் சாராயம், ஊருக்குச் சுனை. ஒரே தண்ணீர். கண்ணுக்கு நேராக ஓடுகிறது, கல்லை நட்டுக் கும்பிடுகிறார்கள். ரகசியம் தண்ணீரில் இல்லை, அதன் அர்த்தத்தில் இருந்தது. அவள் அம்மனைக் குறை சொல்லவில்லை. கேள்விதான் கேட்டாள். ‘சுனைத் தண்ணி தெளிவா இருக்கும்லா சித்தி. இது எப்படி வருது?’ வேறு யாரோ, ‘இந்த ஆடிக்கு அப்புறம் கலங்கித்தான் வருது.’ ‘கலங்குதது மண்ணு. அணைக்குள்ள இருக்க மண்ணு கரைஞ்சு வருது. அதைத்தான் அவிய எழுதி மூடி வச்சிருக்காவ.’ ஒரு குழந்தை அழுததாக எழுதியிருக்கிறது. பிறகு தீர்மானம். அணையில் கசிவு உள்ளது, மழைக்கு முன் நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும். கைநாட்டும் கையெழுத்துமாக ஊர் முழுக்க. தீர்மானத்தின் நகல் மேலே போயே ஆக வேண்டும், சட்டம். எந்த மாடிப்படியில் கசிவு என்ற சொல்லைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்களோ, அதே மாடிப்படி வழியாக அது முத்திரையோடு ஏறி வந்து செயலாளர் மேஜையில் உட்கார்ந்தது. இந்த வேலையை இவர் செய்திருப்பாரா? தோன்றியே இருக்காது. லீவு முடிந்ததும் அவள் ஆபீசுக்குத் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, பாக்கி வேலையைப் பார்த்திருக்கிறாள். போலீஸ் வந்து கூப்பிடுகிறவரை. ஓடவில்லை. எதிரி அழுதுகொண்டிருக்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல முடியாது. சொன்னால் அதுவும் ஒரு ஊறல்தான். விஷயம் ஊருக்கு ஊர் போய்ச் சேர்வதற்குள் அணை உடைந்தே விட்டது என்று ஆகிவிட்டது. ஆடு மாடு பிள்ளைகளோடு டிராக்டரில் ஏறி ஓடினார்கள். ஒன்று கவிழ்ந்தது. சீனியம்மாள் என்று ஒரு பொம்பளைக்குக் கால் போனது, முழங்காலுக்குக் கீழே இல்லை. பெண்கள் மதகில் போய் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்ததால் சர்க்கார் தண்ணீரைத் திறந்துவிட்டது, திறந்த தண்ணீர் கடலுக்குப் போனது, நட்ட நெல் காய்ந்தது. எம்.எம். பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றினவர்கள் உண்டு. அப்புறம் ஐப்பசியில் பேய் மழை. அம்மன் கல் நட்டிருந்த அதே இடத்தில் அணை வாயைப் பிளந்துகொண்டது. பாதித் தண்ணீர்தான் இருந்தது. தெருவில் இடுப்பளவு ஓடி வடிந்தது. சாவு இல்லை. முழுத் தண்ணீர் இருந்திருந்தால்? தூற்றினவர்களே வாயை மூடிக்கொண்டார்கள். கேஸ் மட்டும் மூடவில்லை. அணை உடைந்ததா இல்லையா என்று சட்டம் கேட்கவில்லை. முத்திரை குத்தினதை வெளியே சொன்னாயா இல்லையா? அதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கொண்டுவந்து இவர் தலையில் கட்டிவிட்டார்கள். அரசு வக்கீல் எபனேசர் காலையிலேயே வந்து தோளில் கை வைத்தார். ‘சார், ஒரே கேள்வி. கோப்பிலே இருக்கிற ஊறலும் எதிரி சொன்ன கசிவும் ஒரே அர்த்தமா? ஆமாம்னு ஒரு வார்த்தை. வீட்டுக்குப் போயிரலாம்.’ ஆமாம் என்றால் அவள் சொன்னது முத்திரை குத்திய ரகசியம்தான் என்று ஆகும். உள்ளே போவாள், வருஷக்கணக்கில். அவளுடைய வக்கீல் நாகூர்கனி போன வாரமே போனில் பிடித்தார். ‘ஐயா, நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலை. ஊறல் வேற, கசிவு வேறன்னு உங்களுக்குத் தோணிச்சுன்னா சொல்லுங்க. கோப்பில் இல்லாததைத்தான் அவங்க சொன்னாங்கன்னு கேஸ் அப்பவே விழுந்துரும்.’ கோப்பில் கசிவு இல்லவே இல்லை என்று ஆகிவிடும், செயலாளருக்கும் கொண்டாட்டம். கேஸ் போட்டவன் ஒருத்தன், சொல்லை மாற்றினவன் ஒருத்தன். இரண்டு பேரும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்வதில்லை போலிருக்கிறது. ஆமாம் என்றால் உண்மை, அவளுக்கு ஜெயில். இல்லை என்றால் பொய், அவளுக்கு விடுதலை. சவரம் பண்ணும்போதே முடிவு பண்ணிவிட்டார். இல்லை. அகராதியை நெஞ்சில் வைத்துக்கொண்டு பொய் சொல்லிவிடுவது. போகிற வயசில் ஒரு பொய், அதுவும் அவளுக்காக. இல்லை, இல்லை என்று கண்ணாடியில் சொல்லிப் பார்த்தார். பயம் அதில்லை. வாய்தான் பயம். மேலே இருக்கிறவன் கேட்டால் ஆமாம் சார் என்று பழகின வாய். கூண்டில் ஏறியதும் அதுபாட்டுக்கு நழுவிவிட்டால்?

‘சார், காப்பி குடிச்சியளா?’ திடுக்கிட்டுப் பார்த்தார். அவள்தான். கையில் பிளாஸ்க். மெலிந்துவிட்டாள். தலையில் முன்பக்கம் நரை. ‘இந்தாம்மா, நீ என்கூடப் பேசக் கூடாது. நான் அரசுத் தரப்பு.’ ‘காப்பிக்கு ஏது சார் தரப்பு?’ ஊற்றி நீட்டினாள். ‘வேண்டாம். குடிச்சா முட்டும். சாவி அந்தத் தடியன்கிட்ட.’ ‘அதுக்குத்தான் கால் மேல கால் போட்டிருக்கியளா? நான் என்னமோ பெரிய யோசனைன்னு நெனச்சேன்.’ கோர்ட்டு வராந்தாவில், ஜெயிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு இவளுக்குக் கிண்டல். பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். போன ஞாயிறு சீனியம்மாளைப் பார்க்கப் போனாளாம். ஜாமீனில் வந்ததிலிருந்து மாசம் தப்பாமல் போகிறாள். ‘வாடி, என் காலை ஒடிச்சவளே, சாப்ட்டியான்னு கேப்பா. திட்டிக்கிட்டே சோறு போடுவா. அவ திட்டுதது சரிதான் சார். நான் சொன்னதுல போன காலு.’ ‘நீ சொல்லலேன்னா ஊரே போயிருக்கும்.’ ‘அதை அவ காலுகிட்ட எப்படிச் சொல்லுதது?’ பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே, இவர் முகத்தைப் பார்க்காமல், ‘சார், இல்லைன்னு சொல்லிராதிய’ என்றாள். ‘எதை?’ ‘நாகூர்கனி அண்ணன் பேசுனது எனக்குத் தெரியும். நீங்க சொல்லிருவியன்னும் தெரியும். சொல்லாதிய. ஊறல்னா கசிவுதான். அதைச் சொல்லத்தான நான் ஊருக்குப் போனேன்.’ ‘உள்ளே தள்ளிடுவான்டி.’ டி வந்துவிட்டது. ஆபீசில் வந்ததே இல்லை. ‘தள்ளட்டும். நீங்க இல்லைன்னு சொன்னா, அந்தச் சொல்லு செல்லும்னு ஆயிரும். இன்னும் எத்தனை அணை இருக்கு, எத்தனை பாலம். எல்லாத்துக்கும் இனி அதையே போட்டுருவாவ.’ எழுந்தாள். ‘தொண்டை காயுதுல்லா, ஒரு மடக்கு குடிங்க. அடக்கிக்கிடலாம்.’ போய்விட்டாள், வராந்தாவின் அந்தக் கோடிக்கு, எதிரிகள் நிற்கிற இடத்துக்கு.

ஒரு மடக்கு குடித்தார். சூடு நெஞ்சில் இறங்கியது. கோமளாவும் ஒரு தடவை இப்படித்தான் தடுத்தாள். இவர் மனைவி, போய் எத்தனையோ வருஷம். ஆஸ்பத்திரியில் எல்லாருமாகச் சேர்ந்து வீக்கம் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் வீக்கம், மகன் வீக்கம், இவரிடமும் வீக்கம் என்றே சொன்னார்கள். இவரும் நம்பி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு மலையாள நர்ஸ், சின்னப் பெண், ஊசி போடும்போது கோமளாவின் காதில் சொல்லிவிட்டாள். அம்மே, இது வீக்கம் இல்லை, கட்டி. பெரிய டாக்டரிடம் அந்த நர்ஸைப் பற்றிப் புகார் எழுத இவர் பேனாவை எடுத்துவிட்டார். எவளைக் கேட்டுச் சொன்னாள்? என்ன ஒழுங்கு இது? கோமளா பேனாவைப் பிடுங்கினாள். ‘எழுதினீங்க, அப்புறம் என் கையால சோறு கிடையாது. அவ ஒருத்திதான் என்னை மனுஷியா நினைச்சு எனக்கே சொன்னா.’ அதற்கப்புறம் இருந்த கொஞ்ச நாள்தான் இரண்டு பேரும் பேசின நாள். எந்தப் புடவை யாருக்கு, ரசத்துக்குப் பருப்பு எப்போது கரைப்பது, தன் தங்கையோடு ஏன் பேசாமல் போனாள், எல்லாம். அந்த நர்ஸ் பெயர் என்ன? கேட்கவே இல்லை. வீக்கம், கட்டி. ஊறல், கசிவு. சொல்லை மெதுவாக்குகிறவன் கேட்கிறவனுக்கு இரக்கம் காட்டவில்லை. தனக்கு மெத்தை போட்டுக்கொள்கிறான். இந்த இரண்டு பெண்களும் மெத்தையை உருவினவர்கள். உருவிவிட்டுத் திட்டையும் தாங்களே வாங்கிக்கொண்டவர்கள். கால் போனவளிடம் போய் உட்கார்ந்து சோறு தின்கிறாளே, அந்தத் தைரியம் எந்தப் பதவியில் இருக்கிறவனுக்கு உண்டு? செயலாளர் போனாரா சீனியம்மாளைப் பார்க்க? இவர்தான் போனாரா?

கதவு திறந்தது. டவாலி. ‘சார், சாவி. சீக்கிரம் போய்ட்டு வாங்க’ என்று கையில் திணித்தான். இவர் பாதி எழுந்தார். உள்ளிருந்து யாரோ அதட்ட, டவாலி அப்படியே திரும்பி நின்று தொண்டையைத் திறந்தான். ‘தெய்வ... சிகாமணீ... தெய்வ... சிகாமணீ...’ ஒரு முழத் தூரத்தில் நிற்கிற ஆளை ஊருக்குக் கேட்கக் கூப்பிட்டான். மூன்றாவது தடவை முடிவதற்குள் இவர் உள்ளே நுழைந்துவிட்டார். கக்கூஸ் சாவியைப் பிடித்தபடியே கூண்டில் ஏறி, சாவியைப் பிடித்தபடியே உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் பண்ணினார். அங்கே, தடுப்புக்குப் பின்னால், அவள் நின்றாள். பிளாஸ்கைக் காலடியில் வைத்திருந்தாள். எபனேசர் எழுந்தார். ‘அறிக்கையில் உள்ள ஊறல் என்ற சொல்லும் எதிரி பேசிய கசிவு என்ற சொல்லும் ஒரே பொருள் கொண்டவைதானே?’ இல்லை என்ற சொல் பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது. காலையிலிருந்து நிற்கிறது. அவளைப் பார்த்தார். அவள் தலையை லேசாக ஆட்டினாள், பிரிவில் சரி பார்த்து முடித்த பக்கத்தை நீட்டும்போது ஆட்டுவாளே, அப்படி. ‘ஆமாம்’ என்றார். எபனேசர் உட்காரப் போனார். ‘இன்னும் முடியலை’ என்றார் இவர். ‘அவ்வளவுதான் சார் கேள்வி.’ ‘கேள்வி முடிஞ்சது. பதில் முடியலை. அறிக்கையில் முதல்லே கசிவுன்னுதான் இருந்தது. அதைத்தான் ஊறல்னு ஆக்கினாங்க. அணை கசியறதுக்கு அப்படி ஒரு பேர் எந்த ஊர்த் தமிழ்லேயும் இல்லை.’ எபனேசர் ஆட்சேபம் என்றார். நாகூர்கனி தலையில் கை வைத்துக்கொண்டார். முட்டியது. கம்பியைப் பிடித்தார். தொடை ஓரம் சூடாக ஒரு கோடு இறங்கியது. கசிகிறது, என்று நினைத்துக்கொண்டார். கசிவுதான். கசியட்டும். நீதிபதியம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு முதல் தடவையாக இவரை நிமிர்ந்து பார்த்தார். ‘அவர் சொல்லட்டும். பெரியவரே, அந்தச் சொல்லைத் திருத்தினது யாரு?’ திருத்தினது. மாத்தினது வேறு, திருத்தினது வேறு. எப்படிப்பட்ட கேள்வி. தமிழ் தெரிந்த அம்மா. வாழ்நாள் முழுக்கச் சொல்லோடு மாரடித்ததற்கு இந்த ஒரு கேள்வி போதும். ‘மாத்தினது செயலாளர், அம்மா’ என்றார். நாக்கு நழுவவில்லை. இந்தாம்மா என்றே கூப்பிட்டுப் பழகின வாய், அவள் பெயரை இதுவரை ஒரு தடவையும் சொன்னதில்லை. சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, டவாலியைவிடச் சத்தமாகச் சொன்னார்.

‘திருத்தினது ஆவுடையாள்பட்டி முப்பிடாதி.’